கலப்புக் குழுவில் சீன மாணவரின் உணர்வுகள்: அந்த ஆய்வுகள் வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் பொருந்துமா?

வாவிக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

முதுதத்துவமாணிக்கு ஆய்வு முன்மொழிவு எழுதுறன். பல இன மாணவர் ஒரே குழுவில இருந்து ஒப்படை செய்யக்குள்ள அவங்களுக்கு வாற உணர்வுகள்தான் விசயம். தேடிப் பார்த்தா, கிடைக்கிற எழுத்தில கனக்க பிரித்தானியாவிலயும் ஆஸ்திரேலியாவிலயும் படிக்கிற சீன மாணவரைப் பற்றினது. "சீனக் கலாசாரம் அடக்கமானது, பெரியவங்க சொன்னாக் கேட்கிறது, அதனால குழுவில வாய் திறக்கமாட்டாங்க" எண்டு ஒரு பந்தியில கணக்கை முடிச்சிடுற கட்டுரைகளும் அதில இருக்கு. எனக்கு அது போதாது.

சீன மாணவருக்கு எந்தக் கட்டத்தில என்ன உணர்வு வருது, எதனால வருது? அதை எப்பிடி அளக்கிறது? நம்ம பக்கம், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலயும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலயும், முகாமைத்துவப் பீடத்தில தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்த ஐந்து பேர் குழு. ஒப்படை ஆங்கிலத்தில, ஆனா ஆங்கிலம் ஒருத்தருக்கும் வீட்டு மொழி இல்ல. அங்க கண்டதை இஞ்ச கொண்டுவந்து வைச்சாப் பொருந்துமா? அடுத்த செமஸ்டரில இரண்டு வகுப்புக்குக் குழு பிரிக்க வேண்டியிருக்கு, அதுக்கும் யாராவது வழி சொன்னா நல்லம்.


மருதமுனைத் தறி

தங்கச்சி, அந்த "அடக்கமான கலாசாரம்" கதையை முன்மொழிவில எழுதிப்போடாதீங்க. அதே மாணவர் தங்கட ஆக்களோட சாப்பாட்டு மேசையில இருந்தா சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும். குழு மேசையில என்ன நடக்குது எண்டு செக்கன் கணக்கில பார்த்தாத்தான் விசயம் பிடிபடும்.

2009இல வெளிவந்த ஓர் ஆய்வு பத்து மொழிகளில பேச்சை அளந்தது. ஒருத்தர் கேள்வி கேட்டு முடிய மற்றவர் பதில் தொடங்குற இடைவெளி சராசரியா 200 மில்லிசெக்கன் அளவுதான். அவ்வளவு சின்ன இடைவெளிக்குள்ள புகணுமெண்டா முன்னால ஆள் கதைக்கிற நேரமே நம்மட வசனத்தைக் கட்டி வைச்சிருக்கணும். ஆங்கிலம் தாய்மொழியா இருக்கிறவருக்கு அது தானா நடக்கும். இரண்டாம் மொழியில கேட்கிறவருக்கு அந்த நேரம் முழுக்க விளங்கிக்கொள்ளவே போயிரும். வசனம் தயாராகிற நேரம் பேச்சு அடுத்த விசயத்துக்குத் தாவியிருக்கும். இப்ப போய்ப் பழசைக் கிளறினா மடத்தனமாத் தெரியும் எண்டு விழுங்கிருவாங்க. நாலஞ்சு தரம் விழுங்கினா மறுகா முயற்சியே இல்ல. பக்கத்தில இருக்கிற உள்ளூர் மாணவர் அதைப் பார்த்து "இவளுக்கு ஆர்வமில்ல" எண்டு முடிவு கட்டுவார். அந்த முடிவு முகத்தில தெரியும், இவளும் அதைக் கண்டுபிடிப்பாள். வெட்கம் அங்கதான் தொடங்குது.

இதுக்குப் பின்னால படிப்பு முறையும் இருக்கு. சீனாவில பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை பெரும்பாலான மாகாணங்களில 750 புள்ளிக்கு, ஆங்கிலத்துக்கு 150. அதில வாசிப்பு, கேட்டல், எழுத்து எண்டுதான் கனம். பல்கலைக்கழகத்துக்குள்ள எழுதுற நாலாம் தர ஆங்கிலப் பரீட்சை 710 புள்ளிக்கு, அதிலயும் வாய்மொழிச் சோதனை தனியா எடுக்கிற ஒண்டு. அப்ப கட்டுரையை நல்லா வாசிக்கிற, ஆனா வேகமான குழுப் பேச்சுக்குப் பழக்கமில்லாத ஒருத்தர் வந்து இருக்கிறார். "ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலச் சோதனையில ஆறரை எடுத்தவளுக்கு ஏன் கதைக்க வரல்ல?" எண்டு கேட்கிறவங்களுக்கு விடை இதுதான்.

இன்னொண்டு, சீனப் பல்கலைக்கழகத்தில ஒரே வகுப்புக் குழாம் நாலு வருசமும் சேர்ந்து படிக்கும். விடுதியில ஒரு அறைக்கு நாலு, ஆறு பேர். குழு வேலையெண்டா பெரும்பாலும் அந்த அறைக்குள்ளேயே அமைஞ்சிரும். யார் எப்பிடி, யார் பிந்துவார் எண்டு எல்லாருக்கும் தெரியும். பிரித்தானியாவில ஒரு வருச முதுமாணிக்கு வாற பிள்ளைக்கு அந்த வலை முழுக்கப் போயிரும். முன்பின் தெரியாத நாலு பேரோட ஆறு கிழமையில 3,000 சொல் அறிக்கை.

உணர்வுகள் கட்டம் கட்டமா மாறும். முதல் கிழமை எதிர்பார்ப்பும் பதற்றமும் சேர்ந்தே வரும். வெளிநாட்டு நண்பர் கிடைப்பாங்க, ஆங்கிலம் தேறும் எண்டு காசு கட்டி வந்த பிள்ளைகள். சில வியாபார முதுமாணி வகுப்புகளில பாதிக்கு மேல சீன மாணவர்தான், அதில குழுவும் அப்பிடியே அமைஞ்சா ஏமாற்றம். குழுவில நாலு சீனரும் ஒரு வேற்று நாட்டவரும் இருந்தா, அவசரத்தில பேச்சு சீன மொழிக்கு மாறும். அந்த ஒருத்தர் கைப்பேசியை நோண்டத் தொடங்குவார். அதைப் பார்க்கக்குள்ள குற்றவுணர்வு வரும், ஆனாலும் நிப்பாட்ட முடியாது, ஏனெண்டா வேலை அந்த மொழியிலதான் ஓடுது.

இரண்டாம், மூண்டாம் கிழமையில "நான் குழுவுக்குப் பாரம்" எண்ட எண்ணம் ஏறும். பேச்சால கொடுக்க முடியாததை உழைப்பால கொடுக்கப் பார்ப்பாங்க. தரவு அட்டவணை, வரைபடம், ஸ்லைட் அலங்காரம், உசாத்துணைப் பட்டியல், இந்த மாதிரிச் சத்தமில்லாத வேலையெல்லாம் அவங்கட கைக்குப் போகும். நேரத்துக்குத் தொடங்கித் தங்கட பகுதியை முடிச்சிருவாங்க. மற்ற ஆள் கடைசி ராத்திரி எழுதுறவரா இருந்தா பத்து நாள் பதற்றம், ஆனா "எங்க உங்கட பகுதி?" எண்டு கேட்டா அவருக்கு முகம் விழுமே எண்டு கேட்கமாட்டாங்க. விரிவுரையாளர் கேட்டா "எல்லாம் ஓகே" தான் பதில். உண்மையான புறுபுறுப்பு வீசாட் எண்ட சீனச் செய்திச் செயலியில தங்கட ஆக்களுக்குள்ள ஓடும். அளிக்கை நாளில வாய்வீச்சுக்காரருக்குப் பாராட்டுப் போனா அந்தக் குற்றவுணர்வு ஆத்திரமா மாறும்.

எல்லாத்திலயும் கூடக் காயப்படுத்துறது வேற ஒண்டு. பகிர்ந்த ஆவணத்தில சீன மாணவி ஒருத்தி இரண்டு நாள் இருந்து எழுதின 400 சொல். ராத்திரி ஒரு மணிக்கு ஆங்கிலம் நல்லா வாற ஆள் உள்ளுக்குப் போய், ஒரு வார்த்தை சொல்லாம முழுக்க அழிச்சுத் தன்ட பாணியில எழுதிவிடுவார். அவருடைய கணக்கில அது உதவி. காலையில திறந்து பார்க்கிறவளுக்குத் தன்ட பெயர் போட்ட பகுதியில தன்ட வசனம் ஒண்டுமில்ல. அவள் வாட்ஸ்அப்பில "நன்றி" எண்டு போடுவாள். உங்கட தரவில "நன்றியுணர்வு" எண்டு குறிச்சிராதீங்க.

முடிவில நிம்மதி, கொஞ்சம் பெருமிதம். புள்ளி வந்ததும் இன்னொரு அடி இருக்கு: சீனாவில 100க்கு 85, 90 எடுத்துப் பழகினவங்களுக்குப் பிரித்தானியாவில 62 எண்டா அதிர்ச்சி. அங்க 70தான் உச்ச வகுப்புக்கான கோடு எண்டு ஒருத்தரும் முதல்லயே சொல்லியிருக்கமாட்டாங்க. குழுவைத் தானே இழுத்து விழுத்தினதா நினைப்பாங்க.


ஒலுவில் வெளிச்சவீடு

மருதமுனை ராத்தா சொன்னது உள்ளடக்கம். நான் அளவீட்டுப் பக்கம் மட்டும்.

கோட்பாட்டுக்கு, கல்வி சார்ந்த உணர்வுகள் பற்றி ரைன்ஹார்ட் பெக்ருன் 2006இல் எழுதியதை எடுங்கள். அவர் இரண்டு கேள்வியில் உணர்வை நிறுத்துகிறார்: இந்த வேலை என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, இது எனக்கு எவ்வளவு பெறுமதி? பெறுமதி அதிகம், ஆனால் கட்டுப்பாடு நிச்சயமில்லை என்றால் பதற்றம். கட்டுப்பாடு துப்பரவாக இல்லை என்றால் நம்பிக்கையிழப்பு. பெறுமதியே இல்லையென்றால் சலிப்பு. மேலே சொன்ன மாணவியின் நிலை முதலாவது: புள்ளி மிகவும் முக்கியம், ஆனால் அது மற்ற நாலு பேரின் கையில் இருக்கிறது.

பெக்ருனும் சகபாடிகளும் செய்த வினாக்கொத்து மகிழ்ச்சி, நம்பிக்கை, பெருமிதம், நிம்மதி, கோபம், பதற்றம், வெட்கம், நம்பிக்கையிழப்பு, சலிப்பு என ஒன்பது உணர்வுகளை அளக்கும். அது வகுப்பு, படிப்பு, பரீட்சை என்ற மூன்று சூழலுக்குத் தனி ஆளை வைத்துச் செய்தது. நன்றியுணர்வு, பொறாமை, குற்றவுணர்வு, ஒதுக்கப்பட்ட உணர்வு இவற்றுக்கு அதில் இடமில்லை. குழு வேலையில் நீங்கள் தேடுவதோ அவற்றைத்தான். ஆகவே அதை அப்படியே கொடுத்தால் பாதிப் படம்தான் விழும்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை குறிக்கும் அளவுகோலிலும் சிக்கல் உண்டு. கிழக்காசிய மாணவர் அமெரிக்க மாணவரைவிட நடுப்புள்ளியைக் கூடுதலாகத் தெரிவு செய்கிறார்கள் என்பது 1995இலேயே காட்டப்பட்டது. "மூன்று" என்று குறித்தால் உணர்வு குறைவு என்று வாசித்துவிட முடியாது. ஆட்களுக்கிடையில் ஒப்பிடாமல், ஒரே ஆளின் முதல் கிழமையையும் ஐந்தாம் கிழமையையும் ஒப்பிடுங்கள். நடுப்புள்ளிக்குச் சாயும் பழக்கம் இரண்டு அளவீட்டிலும் இருப்பதால் பெருமளவு கழிந்து போகும்.

எனக்குச் சரியாகப் படுவது குறுநாட்குறிப்பும் மீள்பார்வை நேர்காணலும். ஒவ்வொரு குழுக் கூட்டமும் முடிந்து அன்றிரவுக்குள் கைப்பேசியில் மூன்று கேள்வி: இன்றைக்கு எந்த நிமிசத்தில் மனசுக்கு ஏதோ பட்டது, அப்போது என்ன தோன்றியது, அதை என்ன செய்தீர்கள்? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். உணர்வை வெளியில் காட்டாமல் அடக்குவதும், நிலைமையையே வேறு விதமாக எண்ணி ஆறுவதும் வெவ்வேறு வேலைகள் என்று 1998இல் ஜேம்ஸ் குரொஸ் பிரித்துக் காட்டினார். ராத்தாவின் "நன்றி" உதாரணத்தில் முகத்துக்கும் மனதுக்கும் உள்ள இடைவெளி இந்தக் கேள்வியில்தான் பிடிபடும்.

மீள்பார்வைக்கு ஒரு கூட்டத்தை ஒலிப்பதிவு செய்து, இரண்டு நாளுக்குள் தனித்தனியாக ஓடவிட்டு, மௌனம் விழுகிற இடங்களில் நிறுத்திக் கேளுங்கள். இரண்டு நாள் தாண்டினால் ஞாபகத்துக்குப் பதில் நியாயம்தான் வரும். குழுவாக இருத்தி உணர்வைக் கேட்கவே கூடாது. ஐந்து பேரும் "நல்லா ஒற்றுமையா செய்தம்" என்பார்கள்.

மொழி முக்கியம். சீன மாணவரை ஆங்கிலத்தில் கேட்டால் "பதற்றம்", "அழுத்தம்" என்ற இரண்டு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். தாய்மொழியில் கேட்டால் ஆதங்கம் வேறு, மனக்கசப்பு வேறு, கூச்சம் வேறு என்று பிரிந்து வரும். உங்களுக்கும் அதுவே. சிங்கள மாணவரை நீங்களே ஆங்கிலத்தில் கேட்காமல் சிங்களம் தாய்மொழியான ஒருவரை நேர்காணலுக்குப் பழக்குங்கள்.

கடைசியாக வேலைக் கணக்கு. ஆறு குழு, ஐந்து பேர், ஆளுக்கு மூன்று நேர்காணல் என்றால் 90. ஒன்று 40 நிமிசம் என்றால் 60 மணித்தியால ஒலி. ஒரு மணித்தியாலத்தை எழுத்தாக்க ஐந்து மணித்தியாலம் வைத்தாலும் 300. தனி ஆளுக்கு அது மிக அதிகம். நாலு குழு, ஆளுக்கு இரண்டு நேர்காணல் என்று குறைத்தால் 40 நேர்காணல், ஏறத்தாழ 27 மணித்தியால ஒலி, எழுத்தாக்க 135. இது தாங்கும். மொழிபெயர்ப்பு நேரம் இதற்கு மேல்.


வாவிக்கரை

ராத்தா, சேர், இரண்டு பேருக்கும் மெத்தப் பெரிய நன்றி. வாட்ஸ்அப் குழுப் பேச்சையும் தரவா எடுக்கலாமா? அதோட இஞ்சத்தைய நிலைமை பற்றி ஒருத்தரும் இன்னும் தொடல்ல.


செங்கலடிச் சந்தி

வாட்ஸ்அப் எடுக்கலாம், ஐந்து பேரும் எழுத்தில சம்மதிச்சா மட்டும். நாலு பேர் சம்மதம், ஒருத்தர் இல்லையெண்டா அந்தக் குழுவின்ட பேச்சைத் தொடாதீங்க. அவர் பெயரை மட்டும் அழிச்சாப் போதாது, மற்றவங்கட பதிலில அவர் தெரிவார்.

இப்ப பொருத்தம். நான் இதில கொஞ்சம் எதிர்ப்பக்கம். ராத்தா சொன்னதின்ட அடிப்படை, குழுவில தாய்மொழி ஆங்கிலக்காரர் ஒருத்தர் இருக்கிறார் எண்டது. வந்தாறுமூலையில அப்பிடி ஆரும் இல்ல. இஞ்ச பேச்சைப் பிடிக்கிறது யார்? நகரப் பாடசாலையில படிச்சு ஆங்கிலம் கொஞ்சம் ஓடுற பிள்ளை, ஆண் பிள்ளை, இல்லாட்டி மாணவர் சங்கத்தில தலை காட்டுற ஆள். அவர் தமிழராவும் இருக்கலாம், முஸ்லிமாவும் இருக்கலாம், சிங்களவராவும் இருக்கலாம். படுவான்கரைக் கிராமத்தில இருந்து வாற தமிழ்ப் பிள்ளையும் மொனராகலைப் பக்கமிருந்து வாற சிங்களப் பிள்ளையும் ஆங்கிலத்துக்கு முன்னால ஒரே மாதிரி வாய் அடைச்சு இருப்பாங்க. இனத்தை மட்டும் ஆய்வு மாறியா (அளந்து ஒப்பிடுற காரணியா) வைச்சா இந்தக் கோடு உங்களுக்குத் தெரியாமலே போயிரும். உயர்தரத்தில ஆங்கிலப் பெறுபேறு, பாடசாலை வகை, ஊர், மூண்டையும் கட்டாயம் எடுங்க.

அடுத்தது சிறுபான்மை ஆர் எண்டது. பிரித்தானியாவில சீன மாணவர் வகுப்பறையிலயும் தெருவிலயும் வெளியாள்தான். ஒலுவிலிலயோ வந்தாறுமூலையிலயோ இருக்கிற சிங்கள மாணவருக்கு நாட்டில பெரும்பான்மை மொழி தன்டது, ஆனா விடுதிக்கு வெளிய கடைக்குப் போனா தமிழ். தமிழ்ப் பிள்ளைக்கு அதே நேரம் எதிர்மாறு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில தன்னைக் குறைஞ்சவராவும் கூடினவராவும் உணரக்கூடிய இடம் இது. சீன ஆய்வுகளில இந்தச் சிக்கலுக்கு மாதிரி கிடைக்காது.

மற்றது, அங்க உள்ள குழுவுக்குள்ள சண்டை மூட்டின வரலாறு இல்ல. இஞ்ச 1990இன்ட படுகொலைகள் இருக்கு, 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு இருக்கு. "உங்கட குழுவில எப்ப சங்கடமா உணர்ந்தீங்க?" எண்டு சாதாரணமாக் கேட்கிற கேள்விக்கு ஒருத்தர் அண்டைக்குக் குண்டு வெடிச்ச மட்டக்களப்புச் சியோன் தேவாலயத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கலாம். நேர்காணல் எடுக்கிறவர் அதுக்குத் தயாரா இருக்கணும்: எந்தக் கேள்வியையும் தாண்டலாம் எண்டு முதல்லயே சொல்லுறது, ஒலிப்பதிவை நிப்பாட்டுறது, மறுநாள் ஒருக்கா நலம் விசாரிக்கிறது, 1926 மனநல உதவி இலக்கத்தைத் தகவல் தாளில போடுறது. நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கிற விண்ணப்பத்தில இது இல்லாட்டித் திருப்பி அனுப்புறதுதான் சரி.

ஆனா ஒண்டு நல்லாப் பொருந்தும். வொலே, ஆங் எண்ட இரண்டு ஆய்வாளர் 1998இல ஆஸ்திரேலியாவில பார்த்தப்போ, மாணவர் தங்கட ஆக்களோடயே சேருறதுக்கு நாலு காரணம் வந்தது: மனசு ஒட்டுறது, மொழி, நடைமுறை வசதி, மற்றவங்களைப் பற்றின கெட்ட எண்ணம். அந்த மூண்டாவதை எல்லாரும் தாண்டிப் போயிருவாங்க. இஞ்ச அதுதான் பெரிசு. வெள்ளி மத்தியானம் கூட்டம் வைச்சா முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஜும்மா. நோன்பு காலத்தில பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு வைக்கவே ஏலாது. போயாவோட சேர்ந்த நீண்ட விடுமுறைக்குச் சிங்களப் பிள்ளைகள் வியாழன் இரவே பஸ் ஏறிருவாங்க. தைப்பொங்கல் கிழமை தமிழ்ப் பிள்ளைகள் இல்ல. பெண்கள் விடுதி மூடுற நேரம் வேற. இரண்டு கூட்டத்துக்கு ஒருத்தர் வராட்டி "இவங்கள் இப்பிடித்தான்" எண்டு தொடங்கும். நாட்காட்டிப் பிழையை இனத்தில ஏத்துறது அப்பிடித்தான் நடக்குது.


மருதமுனைத் தறி

சந்தி சொன்ன கடைசிப் பந்தியோட முழு உடன்பாடு. தாய்மொழி ஆங்கிலக்காரர் பற்றி மட்டும் ஒரு திருத்தம்: சீன மாணவர் இந்திய, நைஜீரிய மாணவரோட இருக்கிற குழுவிலயும் இதே விழுங்கல் நடக்கும். வேகம்தான் காரணம், பிறப்பு இல்ல. ஆகவே நீங்க சொன்ன "நகரப் பாடசாலைப் பிள்ளை" அந்த இடத்தைச் சரியா எடுத்துக்கொள்ளும்.


பாலத்தடி

ஆய்வு பற்றிப் பெரிய ஆக்கள் சொல்லிட்டாங்க. நான் குழு பிரிக்கிற வேலையை மட்டும் சொல்லுறன், தங்கச்சி.

ஐந்தை நாலாக்குங்க. ஐந்து பேரில ஒருத்தர் ஒளிஞ்சிரலாம், நாலில ஏலாது. ஒரு இனத்தில இருந்து ஒரே ஒருத்தரைத் தனியா விடாதீங்க; இரண்டும் இரண்டுமா வைங்க. தனியா விடப்பட்டவர் தன்ட முழு இனத்துக்கும் பதில் சொல்லுற ஆளா மாறிருவார். மூண்டு இனத்தையும் எல்லாக் குழுவிலயும் காட்டணும் எண்டு நிர்வாகம் ஆசைப்படும், அதுக்கு இடம் கொடுக்காதீங்க. பிள்ளைகளே தெரிவு செய்யட்டும் எண்டு விட்டா ஊர் வாரியாப் பிரியும். நீங்க முழுக்கப் பிரிச்சா முறைப்பாடு வரும். ஆளுக்கு ஒரு துணையைத் தெரிய விட்டு, சோடிகளை நீங்க இணைச்சா இரண்டு பக்கமும் சரி.

முதல் கூட்டம் வகுப்பு நேரத்துக்குள்ள, உங்கட கண் முன்னால, ஒரு மணித்தியாலம். கேள்வியைக் கொடுத்து ஐந்து நிமிசம் ஆரும் கதைக்காம எழுதணும், எந்த மொழியிலயும் எழுதலாம். மறுகா ஆளுக்கு ஒண்டரை நிமிசம் சுற்றி வரும், இடையில ஒருத்தரும் குறுக்கிடக்கூடாது. ராத்தா சொன்ன 200 மில்லிசெக்கன் பந்தயத்தை இது இல்லாமப் பண்ணிரும். வசனம் முன்கூட்டியே தாளில இருக்கு. இதை முதல் நாளோட விட்டா மூண்டாம் கிழமை பழைய நிலைமைதான். ஒவ்வொரு கூட்டமும் இப்பிடித் தொடங்கணும் எண்டு ஒப்பந்தத்தில போடுங்க.

ஒப்பந்தம் எண்டது ஒரு பக்கத் தாள், நாலு கையெழுத்து. அதில இருக்கவேண்டியது: குழுச் செய்திக்கு 24 மணித்தியாலத்துக்குள்ள ஒரு பதில், கட்டைவிரல் குறியாவது. மற்றவர் எழுதினதை அழிக்கக்கூடாது. பக்கத்தில குறிப்புப் போடலாம், திருத்துறது எழுதினவர். பக்கத்தில இருக்கிறவரோட தன்ட மொழியில கதைக்கலாம், ஐந்து நிமிசத்துக்கு மேல போனா என்ன கதைச்சம் எண்டு ஒருத்தர் எல்லாருக்கும் சொல்லணும். ஆங்கிலம் மட்டும் எண்டு சட்டம் போட்டா வாய் முழுசா மூடிரும், அதைச் செய்யாதீங்க. எல்லாரும் வரமுடியாத நாட்களை முதல் நாளே நாட்காட்டியில கறுப்பு அடிக்கிறது. முழு வரைவு கடைசித் திகதிக்கு ஏழு நாள் முந்தி.

பொறுப்புகளைச் சுழற்றுங்க: கூட்டம் நடத்துறவர், குறிப்பு எடுக்கிறவர், மூலங்களைச் சரிபார்க்கிறவர், நேரம் பார்க்கிறவர். இரண்டு கிழமைக்கு ஒருக்கா மாறணும். விட்டா ஸ்லைட் செய்யிறது எப்பவும் அமைதியான பெண் பிள்ளையின்ட தலையில, கதைக்கிறது எப்பவும் அதே பொடியன். அளிக்கையில ஆர் எந்தப் பகுதி கதைக்கிற எண்டதை அண்டைக்குக் காலையில சீட்டுக் குலுக்கித் தீர்மானிங்க. அப்பதான் எல்லாரும் எல்லாத்தையும் படிப்பாங்க. பயமெண்டு சொல்லுவாங்க, அதுக்காகக் குறிப்பைப் பார்த்து வாசிக்க அனுமதி கொடுங்க.

புள்ளி விசயத்தில கவனம். முழுப் புள்ளியும் குழுவுக்கெண்டா உழைச்சவருக்கு ஆத்திரம், முழுசும் தனியாளுக்கெண்டா ஆரும் குழுவாச் செய்யமாட்டாங்க. அறுபது குழுவுக்கு, நாப்பது தனி எழுத்துக்கு எண்டு பிரிச்சா ஓடும். குழுப் பகுதிக்குச் சக மதிப்பீடு: நாலு பேர் குழுவில ஒவ்வொருத்தரும் மற்ற மூணு பேருக்கு 90 புள்ளியைப் பங்கிடணும், தனக்குப் போடக்கூடாது. சமமா உழைச்சா ஆளுக்கு 30, மூணு பேரிட்ட இருந்தும் மொத்தம் 90 வரும். ஒருத்தருக்கு 99 வந்தா 90ஆல பிரிக்க 1.1; குழுப் பகுதிக்கு 100க்கு 60 கிடைச்சிருந்தா இவருக்கு 66. காரணியை 0.9க்கும் 1.1க்கும் இடையில பூட்டி வைங்க.

இதில பிழைக்கிறது இரண்டு விதம். ஒண்டு, எல்லாரும் எல்லாருக்கும் 30 போட்டு மூடிருவாங்க. இந்த இடத்தில நாம சீனரை விடக் குறைஞ்ச ஆக்கள் இல்ல. பெயர் தெரியாது எண்டு உறுதி சொல்லி, "கூட்டத்துக்கு வந்தாரா, சொன்ன திகதிக்குக் கொடுத்தாரா, மற்றவர் கருத்தைக் கேட்டாரா" எண்டு பிரிச்சுக் கேட்டாக் கொஞ்சம் அசையும். இரண்டாவது, சோடி சோடிக்குக் கூட்டிப் போடுறது. இரண்டும் இரண்டுமா இருக்கிற குழுவில அது பெருமளவு வெட்டிக்கொள்ளும். மூண்டும் ஒண்டுமா இருந்தா அந்த ஒருத்தர் செத்தார். சந்தேகமெண்டா ஆவணத்தின்ட திருத்த வரலாற்றைத் திறந்து பாருங்க.

மூண்டாம் கிழமையில ஆளுக்கு ஐந்து நிமிசம் தனியாக் கூப்பிட்டுக் கதைங்க. "பிரச்சினை இருக்கா?" எண்டு கேட்டா இல்லையெண்டுதான் வரும். "போன கூட்டத்தில நீங்க சொன்ன எந்த விசயம் அறிக்கையில போச்சு?" எண்டு கேளுங்க. ஒண்டும் இல்லையெண்டா அந்தக் குழுவுக்கு உங்கட கை தேவை.


வாவிக்கரை

அண்ணா, இந்தத் தாளை அப்பிடியே எடுத்துப் பாவிக்கப் போறன். கடைசியா ஒண்டு. ஒரு சீனப் பல்கலைக்கழக வகுப்போட இணையவழியாக் கூட்டு ஒப்படை ஒண்டு செய்தா அந்தத் தரவையும் ஒப்பிடலாம் எண்டு ஒரு யோசனை இருக்கு. என்ன பார்க்கணும்?


மருதமுனைத் தறி

முதல்ல கருவி. சீனப் பெருநிலத்தில வாட்ஸ்அப், கூகுள் ஆவணம், கூகுள் வினாப்படிவம் ஒண்டும் நேரடியாத் திறக்காது. உங்கட பிள்ளைகள் வீசாட் கணக்குத் திறக்கணும், ஏற்கெனவே கணக்கு வைச்சிருக்கிற ஒருத்தர் உறுதிப்படுத்தவேண்டி வரலாம், அதுக்கு ஒரு கிழமை ஒதுக்குங்க. காணொளிக் கூட்டத்துக்கு டென்சென்ட்டின்ட வெளிநாட்டுப் பதிப்பு வூவ் இருக்கு. ஆவணத்தை மின்னஞ்சலில மாறி மாறி அனுப்பினா பதிப்புக் குழம்பும், கோப்புப் பெயரில திகதியும் எழுதினவர் முதலெழுத்தும் போட ஒரு விதி வைங்க. அதில திருத்த வரலாறு இருக்காது, அப்ப பாலத்தடி சொன்ன சரிபார்ப்பு நடக்காது. ஆளாள் தன்ட பகுதியைத் தனிக் கோப்பா வைக்கணும்.

சீனாவின்ட நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. மட்டக்களப்பில காலை ஒன்பதெண்டா அங்க பதினொண்டரை. நமக்குப் பத்து மணி எண்டா அவங்களுக்குப் பன்னிரண்டரை, சாப்பாடும் மத்தியானத் தூக்கமும், அதை விடமாட்டாங்க. பன்னிரண்டு மணி, அதாவது அங்க இரண்டரை, நல்ல நேரம், ஆனா வெள்ளிக்கிழமை வேண்டாம். அங்க முதல் செமஸ்டர் செப்டெம்பரில தொடங்கி ஜனவரியில முடியும், ஒக்டோபர் முதல் கிழமை தேசிய தின விடுமுறை, சீனப் புத்தாண்டோட நீண்ட விடுமுறை. மார்ச்சில இருந்து மே வரைக்கும் அவங்களுக்கு வசதி; நமக்குச் சித்திரைப் புத்தாண்டும், அந்த வருசம் நோன்பு அப்ப வந்தா அதுவும் குறுக்க வரும். எட்டுக் கிழமை தொடர்ச்சியாத் தேடாதீங்க, நாலும் நாலுமா இரண்டு துண்டா வைங்க.

பெயரில குடும்பப் பெயர்தான் முதல்ல வரும். பட்டியலைப் பார்த்து முதல் சொல்லால மட்டும் கூப்பிட்டா ஒரு வகுப்பில ஆறு "வாங்", நாலு "லீ" இருக்கும். எப்பிடிக் கூப்பிடணும் எண்டு முதல் கூட்டத்தில ஒவ்வொருத்தரிட்டயும் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்க, நம்மட பிள்ளைகளின்ட பெயருக்கும் அதே மாதிரி.